‘நன்றி: இணையம்’ என்று இனிப் போட வேண்டாம்: ஆண்டு மலர் தயாரிக்க வரும் புதியவர்களுக்கு

சில ஆண்டுகளுக்கு முன் பொங்கல் முடிந்து பத்து நாள் இருக்கும். எங்கள் குடியிருப்புத் தமிழ் வகுப்பின் ஆண்டு மலரைப் பார்த்துவிட்டு ஒருவர் போன் செய்தார். மதுரைப் பக்கத்துக் குரல்.

“அட்டையில இருக்கிற மாடு நான் எடுத்த படம் சார். அலங்காநல்லூருக்கு நாலு வருஷம் போயிட்டு வந்ததுல கிடைச்ச ஒரே நல்ல படம். கீழே ‘நன்றி: இணையம்’னு போட்டிருக்கீங்க. வெயில்ல நின்னு எடுத்தது இணையமா சார்?”

அவர் குரலை உயர்த்தவில்லை. அதனாலேயே அந்தக் கேள்வி இன்னும் என் காதில் இருக்கிறது. படத்தைத் தேர்ந்தெடுத்தது நான்தான். கூகுளில் தேடினேன், பெரிய அளவில் கிடைத்தது, வாட்டர்மார்க் இல்லை, எடுத்துப் போட்டுவிட்டேன். 300 பிரதிகள் அச்சாகி வீடு வீடாகப் போய்ச் சேர்ந்திருந்தன.

பெங்களூரில் தமிழ் வகுப்பு நடத்துகிறவர்கள், சங்கத்துக்கு மலர் போடுகிறவர்கள், பட்டிமன்றத்துக்குப் போஸ்டர் செய்கிறவர்கள், குழந்தைகளுக்கு யூடியூபில் கதை சொல்கிறவர்கள் என்று எனக்குத் தெரிந்தே பலர் இருக்கிறார்கள். பெரும்பாலோர் ஆபீஸ் முடிந்து, டிராஃபிக்கில் நீந்தி வீடு வந்து, ராத்திரி பத்து மணிக்கு மேல் லேப்டாப்பைத் திறக்கிறவர்கள். அந்த நேரத்தில் சட்டப் புத்தகம் படிக்க முடியாது. நான் அன்றைக்குத் தெரிந்துகொண்டிருக்க வேண்டியதை இங்கே வரிசையாக எழுதுகிறேன்.

முதல் படி: அதில் எத்தனை பேருடைய உழைப்பு இருக்கிறது?

அல்சூர் ஏரிக்கரையில் இருக்கும் திருவள்ளுவர் சிலையை எடுத்துக்கொள்வோம். 18 ஆண்டுகள் மூடியே கிடந்து, 2009 ஆகஸ்ட் 9 அன்று திறக்கப்பட்ட சிலை. பெங்களூரில் எந்தத் தமிழ் மலரும் அந்தச் சிலையின் படம் இல்லாமல் வராது. பொது இடத்தில் நிரந்தரமாக நிற்கும் சிற்பத்தைப் படம் எடுக்கவும் வெளியிடவும் 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு இடம் கொடுக்கிறது. அதனால் நீங்களே ஒரு காலை நடையில் போனில் எடுத்த படம் என்றால் கவலையே இல்லை. ஆனால் வேறொருவர் எடுத்த படம் அவருடையது. சிலை ஊருக்குப் பொது, படம் எடுத்தவருக்குச் சொந்தம்.

அதே பக்கத்தில் ஒரு குறளும் உரையும் போடுகிறீர்கள். குறளுக்கு யாரிடமும் கேட்க வேண்டாம். பரிமேலழகர் உரைக்கும் வேண்டாம். 1908-இல் மறைந்த ஜி.யு. போப்பின் ஆங்கில மொழிபெயர்ப்புக்கும் வேண்டாம். ஆனால் நமக்குப் பிடித்த எளிய உரைகள் பலவும் இருபதாம் நூற்றாண்டில் எழுதப்பட்டவை. அவற்றின் ஆசிரியர் மறைந்த ஆண்டைப் பார்த்த பிறகே கை வைக்க வேண்டும். உச்சிக் கொண்டையும் தாடியும் எழுத்தாணியுமாக நாம் எல்லா இடத்திலும் பார்க்கும் வள்ளுவர் உருவம்கூட ஓவியர் கே.ஆர். வேணுகோபால் சர்மா வரைந்தது. ஈராயிரம் ஆண்டுப் பழைய நூலுக்குப் பக்கத்திலேயே போன நூற்றாண்டின் ஓவியம் நிற்கிறது.

பாட்டிலும் இப்படித்தான். தியாகராஜர் 1847-இல் மறைந்தவர், கீர்த்தனை எல்லோருக்கும் பொது. ஆனால் அதைப் பாடிப் பதிவு செய்த ஒலிக்கு, வெளியான காலத்திலிருந்து 60 ஆண்டு தனி உரிமை உண்டு. ஆண்டு விழா வீடியோவுக்குப் பின்னால் பாரதி பாட்டு ஓடவிட்டு, “பாரதிதானே, நாட்டுடைமைதானே” என்று நினைத்தவர்களின் வீடியோவை யூடியூப் நிறுத்தி வைத்ததைப் பார்த்திருக்கிறேன். வரிகள் பாரதியுடையவை. மெட்டும் குரலும் வேறு வேறு ஆட்களுடையவை.

இரண்டாம் படி: ஆண்டுக் கணக்கு

நம் நாட்டுச் சட்டப்படி எழுத்து, ஓவியம், இசையமைப்புக்கெல்லாம் படைத்தவரின் ஆயுளும் அதற்குப் பின் 60 ஆண்டுகளும் உரிமை உண்டு. அந்த 60, அவர் மறைந்ததற்கு அடுத்த ஜனவரி 1-இல் தொடங்கும். புதுமைப்பித்தன் 1948-இல் மறைந்தார். இந்தக் கணக்கில் 2008 முடிய உரிமை, 2009 முதல் பொதுக்களம், அதாவது பப்ளிக் டொமைன். உ.வே.சாமிநாதையர் 1942, அவர் எழுதியவை 2003 முதல். விரல்விட்டு எண்ணிவிடலாம்.

தமிழுக்கென்று இன்னொரு நல்ல வழியும் இருக்கிறது. பாரதியின் படைப்புகளின் உரிமையை 1949-இல் அன்றைய சென்னை மாகாண அரசு வாங்கியது, பிறகு அவை மக்களுக்கு விடப்பட்டன. அதன் பிறகு தமிழக அரசு பல எழுத்தாளர்களின் நூல்களை, குடும்பத்தாருக்குத் தொகை கொடுத்து நாட்டுடைமை ஆக்கியிருக்கிறது. வேறு மொழிக்கார நண்பர்களிடம் இதைச் சொன்னால் ஆச்சரியப்படுகிறார்கள். ஆனாலும் கவனம் வேண்டும். கல்கி 1954-இல் மறைந்தார், பொன்னியின் செல்வனின் எழுத்தைத் தாராளமாக எடுக்கலாம். அந்தத் தொடருக்கு வந்தியத்தேவனையும் நந்தினியையும் வரைந்த மணியம் 1968-இல் மறைந்தவர். 60 ஆண்டுக் கணக்கு அங்கே 2028 கடைசியில்தான் முடிகிறது.

அரசு வெளியிட்டது எல்லாம் பொது என்ற எண்ணமும் தவறு. நாசா படங்கள் அமெரிக்க மத்திய அரசின் படைப்பு என்பதால் அந்த நாட்டில் அவற்றுக்குப் பதிப்புரிமை இல்லை. இந்தியாவில் அரசு வெளியீட்டுக்கும் 60 ஆண்டு உரிமை உண்டு. இஸ்ரோவின் தலைமையகம் நம் ஊரிலேயே இருக்கலாம், ஆனால் ராக்கெட் படம் வேண்டுமென்றால் அவர்களுடைய தளத்தின் நிபந்தனையைப் படித்துவிட்டுத்தான் எடுக்க வேண்டும்.

மூன்றாம் படி: உரிமத்தைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

உயிரோடு இருக்கும் ஒருவர், “என் படைப்பை நீங்கள் எடுத்துக்கொள்ளலாம், இன்ன நிபந்தனையோடு” என்று முன்கூட்டியே எழுதி வைப்பதுதான் திறந்த உரிமம். 2002-இல் வெளிவந்த கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்கள் இதில் பரவலானவை. 2013-இல் வந்த 4.0 பதிப்பு இப்போது புழக்கத்தில் அதிகம். சுருக்கமாக சி.சி. (CC) என்பார்கள். அதற்குப் பின்னால் வரும் எழுத்துகளில்தான் விஷயம் இருக்கிறது.

பை (BY) என்றால் பெயர் சொல்ல வேண்டும். எஸ்.ஏ. (SA) என்றால், மாற்றி வெளியிட்டால் மாற்றியதையும் அதே உரிமத்தில் மற்றவர்களுக்குக் கொடுக்க வேண்டும். என்.சி. (NC) என்றால் வணிக நோக்கம் கூடாது. என்.டி. (ND) என்றால் மாற்றியதை வெளியிடக் கூடாது, மொழிபெயர்ப்பும் மாற்றம்தான். இவற்றைச் சேர்த்து மொத்தம் ஆறு உரிமங்கள். சி.சி. ஜீரோ என்பது தனி. படைத்தவர் தன் உரிமையை முடிந்தவரை விட்டுக்கொடுத்துவிட்டார் என்று அர்த்தம்.

மலர் போடுகிறவர்கள் தடுமாறும் இடம் என்.சி. “நாங்க விலைக்கு விக்கல, சும்மாதானே குடுக்கிறோம்” என்பார்கள். பின்னட்டையில் நகைக்கடை விளம்பரம் இருக்கும், உள்ளே டியூஷன் சென்டர், கேட்டரிங், ரியல் எஸ்டேட். அந்த உரிமம் நீங்கள் யார் என்று பார்ப்பதில்லை, எதற்காகப் பயன்படுத்துகிறீர்கள் என்று பார்க்கிறது. விளம்பரப் பணத்தில் வரும் மலர் எந்தப் பக்கம் சேரும் என்று வாதாடலாம். வாதாட வேண்டிய இடத்தில் போய் ஏன் நிற்க வேண்டும்? எங்கள் குழுவில் வைத்திருக்கும் வழக்கம்: விளம்பரம் வாங்கும் மலரில் என்.சி. படத்தைத் தொடுவதில்லை.

எஸ்.ஏ. பற்றி வீண் பயம் நிறைய இருக்கிறது. எஸ்.ஏ. படம் ஒன்றைப் பக்கத்தில் அப்படியே வைத்தால் மலர் முழுவதும் அந்த உரிமத்துக்குள் போய்விடாது. அதே படத்தை வெட்டி, வேறு படங்களோடு கலந்து புதிதாக ஓர் அட்டை ஓவியம் செய்தால் அந்த ஓவியத்தை அதே உரிமத்தில் வெளியிட வேண்டும். தமிழ் விக்கிப்பீடியாக் கட்டுரையைச் சுருக்கித் திருத்திப் போட்டாலும் அந்தக் கட்டுரைக்கு இதே கதைதான்.

நான்காம் படி: எங்கே தேடுவது

கூகுள் படத் தேடலிலேயே ‘டூல்ஸ்’ என்பதைத் தட்டினால் ‘யூசேஜ் ரைட்ஸ்’ வரும். அதில் கிரியேட்டிவ் காமன்ஸைத் தேர்ந்தெடுங்கள். இது வாசல் மட்டுமே. படம் இருக்கும் மூலப் பக்கத்துக்குப் போய் உரிமத்தை நம் கண்ணால் பார்க்க வேண்டும். யூடியூபிலும் ஃபில்டரில் கிரியேட்டிவ் காமன்ஸ் உண்டு. ஃப்ளிக்கரிலும் உரிமத்தை வைத்துத் தேடலாம், ஆனால் அங்கே ஒருவர் எதையும் மாற்றாமல் ஏற்றினால் எல்லா உரிமையும் அவருக்கே. பல தளங்களை ஒரே இடத்தில் தேட ஓப்பன்வெர்ஸ் இருக்கிறது.

என் முதல் தேர்வு விக்கிமீடியா காமன்ஸ், விக்கிப்பீடியாவுக்குப் படம் தரும் கிடங்கு. 10 கோடிக்கும் மேல் கோப்புகள் இருக்கின்றன, என்.சி., என்.டி. உரிமங்களை அங்கே ஏற்பதில்லை என்பதால் பாதித் தலைவலி இல்லை. தமிழில் தேடிக் கிடைக்காவிட்டால் ஆங்கிலத்திலும் கன்னடத்திலும் தேடிப் பாருங்கள். பெங்களூர் சம்பந்தப்பட்ட படங்களுக்குக் கன்னடப் பெயர்தான் சில நேரம் கைகொடுக்கும்.

தமிழ் எழுத்துக்கு விக்கிமூலம், 1998 முதல் இயங்கும் மதுரைத் திட்டம், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம், ஈழத்து நூல்களுக்கு நூலகம் தளம். மதுரைத் திட்டத்துக் கோப்பைப் பகிரும்போது முகப்புப் பக்கத்தை வெட்டாமல் கொடுங்கள், அதுதான் அவர்கள் கேட்கும் ஒரே கைம்மாறு. உட்கார்ந்து தட்டச்சு செய்தவர், பிழை திருத்தியவர் பெயரெல்லாம் அந்தப் பக்கத்தில் இருக்கிறது. வாட்ஸ்அப்பில் சுற்றும் ‘பாரதி வரி’ உண்மையிலேயே அவர் எழுதியதா என்று பார்க்கவும் இந்தத் தளங்களே துணை. அவர் எழுதாததை அவர் பெயரில் அச்சடிப்பதும் ஒரு பெரும் பிழை.

குழந்தைகளுக்கு வேண்டுமென்றால் ஸ்டோரிவீவர். நம் பெங்களூரைச் சேர்ந்த பிரதம் புக்ஸ் 2015-இல் தொடங்கிய தளம். கதையும் ஓவியமும் சி.சி. பை 4.0 உரிமத்தில் இருப்பதால் அச்சடிக்கலாம், மொழிபெயர்க்கலாம், விலைக்கும் விற்கலாம். எங்கள் வகுப்பில் பெரிய பிள்ளைகள் கன்னடக் கதைகளைத் தமிழாக்கி சின்னப் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டுகிறார்கள். கடைசிப் பக்கத்தில் எழுதியவர், வரைந்தவர் பெயர்கள் இருக்கும். காகிதம் மிச்சம் என்று அந்தப் பக்கத்தை மட்டும் ஜெராக்ஸ் எடுக்காமல் விட்டுவிடாதீர்கள்.

எழுத்துருவையும் மறக்க வேண்டாம். டிடிபி செய்யும் இடத்தில் எங்கிருந்து வந்ததென்று தெரியாத பழைய எழுத்துருக்கள் ஒரு மூட்டை இருக்கும். கூகுள் ஃபாண்ட்ஸில் நோட்டோ சான்ஸ் தமிழ், முக்த மலர், ஹிந்த் மதுரை, கேட்டமரன், பவனம், மீரா இனிமை எல்லாம் திறந்த எழுத்துரு உரிமத்தில் கிடைக்கின்றன. அச்சுக்கும், விலைக்கு விற்கும் மலருக்கும் பயன்படுத்தலாம்.

ஓர் எச்சரிக்கை. அன்ஸ்பிளாஷ், பெக்ஸெல்ஸ், பிக்ஸாபே போன்றவை இலவசமாகப் படம் தந்தாலும் அவை தத்தமக்கென்று தனி உரிமம் வைத்திருக்கின்றன. கிரியேட்டிவ் காமன்ஸ் என்று எண்ணி எடுக்காமல் அந்தப் பக்கத்தைப் படித்துவிடுங்கள். இன்டர்நெட் ஆர்க்கைவில் ஒரு நாவல் பிடிஎஃப் ஆகக் கிடக்கிறது என்பதாலும் அது பொது ஆகிவிடாது. யாரோ ஒரு வாசகர் ஆசையில் ஸ்கேன் செய்து ஏற்றியதாக இருக்கலாம்.

ஐந்தாம் படி: போட்டவர்தான் எடுத்தவரா?

இதை நிதானமாகச் செய்யுங்கள். பிறர் படத்தை எடுத்து, தன்னுடையது என்று சொல்லி, திறந்த உரிமம் போட்டு ஏற்றுகிறவர்கள் உண்டு. தனக்கு உரிமையில்லாத ஒன்றுக்கு அவர் கொடுத்த உரிமம் செல்லாது. அதை நம்பி அச்சடித்தால் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்.

காமன்ஸில் ஒரு படத்தைத் திறந்து கீழே போங்கள். தேதி, மூலம், ஆசிரியர் என்று ஒரு கட்டம், அதன் கீழ் உரிமக் கட்டம், கடைசியில் கேமரா விவரம். எடுத்த கேமரா, தேதி, ஷட்டர் வேகம் எல்லாம் இருந்து, படமும் முழு அளவில் இருந்தால் பெரும்பாலும் நம்பலாம். 600 பிக்சல் அகலம், கேமரா விவரம் காணோம், ‘சொந்தப் படைப்பு’ என்று மட்டும் இருந்தால் சந்தேகப்படுங்கள். ஏற்றியவர் பெயரைத் தட்டி அவருடைய மற்ற படங்களைப் பாருங்கள். ஒரு நாள் இப்படிப் பார்த்தபோது ஒரே ஆள் ஒரே வாரத்தில் ஒரு நடிகரின் ஸ்டுடியோ படம், ஒரு கோயில், பனிமலை மூன்றையும் ஏற்றியிருந்தார். மூன்றும் மூன்று விதத் தரம். பிறகு, படத்தைக் கொடுத்தால் அது இணையத்தில் வேறெங்கே இருக்கிறதென்று காட்டும் கூகுள் லென்ஸிலும் டின்ஐயிலும் (TinEye) போட்டுத் தேடினேன். கோயில் படம் அதற்கு இரண்டு ஆண்டு முன்பே வேறொருவரின் பக்கத்தில் இருந்தது. மொத்தம் ஐந்து நிமிட வேலை.

படத்தில் மனித முகம் இருந்தால் இன்னும் ஒன்று யோசியுங்கள். உரிமம் கேமரா பிடித்தவருடைய சொல், கேமராவுக்கு முன்னால் நின்றவருடைய சொல் அல்ல. கே.ஆர். மார்க்கெட்டில் பூக்கட்டும் அம்மாவின் படத்தை ‘பூக்கடைகள்’ என்ற கட்டுரைக்குப் போடுவது வேறு, ‘முதியோர் வறுமை’ என்று தலைப்புக் கொடுத்துப் போடுவது வேறு. அந்த அம்மா அவருடைய பேரன் போனில் அதைப் பார்க்கக்கூடும். குழந்தைகள் படத்தில் நான் இன்னும் கண்டிப்பு.

ஆறாம் படி: பெயர் போடும் முறை

நான்கு விஷயம் வேண்டும். படைப்பின் பெயர், படைத்தவர், எங்கிருந்து, எந்த உரிமம். மாற்றியிருந்தால் அதையும் சொல்ல வேண்டும். எங்கள் மலரில் இப்படி வரும்:

“அல்சூர் ஏரிக்கரைத் திருவள்ளுவர் சிலை. படம்: (எடுத்தவர் பெயர்), விக்கிமீடியா காமன்ஸ் வழி. உரிமம்: சி.சி. பை-எஸ்.ஏ. 4.0. இடப்பக்கம் வெட்டப்பட்டது.”

எடுத்தவர் பெயர் என்ற இடத்தில் தளத்தின் பெயரைப் போட்டு முடித்துவிடுகிறவர்கள்தான் அதிகம். ‘படம்: விக்கிப்பீடியா’ என்பது, விருந்து சாப்பிட்டுவிட்டு சமைத்தவரை விட்டு மண்டபத்துக்கு நன்றி சொல்வது போல. அவர் புனைபெயரில் இருந்தால் அந்தப் புனைபெயரையே போடுங்கள். அச்சில் இணைப்பைத் தட்ட முடியாது. அதனால் கடைசிப் பக்கத்தில் படங்களின் பட்டியலும், மூலப் பக்கங்களையும் உரிமங்களையும் இணைக்கும் ஒரு கியூஆர் கோடும் வைக்கிறோம். படத்துக்குக் கீழேயே பெயர் வருவதுதான் மரியாதை, இடமில்லாதபோது மட்டும் கடைசிப் பக்கம். சி.சி. ஜீரோவுக்குப் பெயர் கட்டாயமில்லை. நாங்கள் அதற்கும் போடுகிறோம்.

டிடிபி செய்யும் அண்ணன் முதல் வருஷம் முகம் சுளித்தார். “எட்டு பாயின்ட்ல யாருங்க இதெல்லாம் படிப்பாங்க?” என்றார். எடுத்தவர் படிப்பார் அண்ணா என்றேன்.

ஒவ்வொன்றையும் எடுக்கும்போதே ஒரு கூகுள் ஷீட்டில் பதிந்துவிடுங்கள்: கோப்பின் பெயர், படைத்தவர், இணைப்பு, உரிமம், இறக்கிய தேதி. உரிமம் தெரியும்படி ஒரு ஸ்கிரீன்ஷாட். கொடுத்த கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தைத் திரும்பப் பெற முடியாது, ஆனால் பக்கத்தில் எழுதியிருப்பதை நாளை மாற்றலாம். அன்றைக்கு உங்கள் கையில் சான்று இருக்க வேண்டும்.

உரிமம் எதுவும் இல்லையென்றால்

ஒன்றும் எழுதாவிட்டால் எல்லா உரிமையும் அவருக்கே என்று பொருள். மிகவும் பிடித்த படமா? கேளுங்கள். கேட்பதற்குக் கூச்சப்பட்டுத்தான் பாதிப் பேர் திருடுகிறார்கள். நான் அனுப்பும் செய்தி இது:

“வணக்கம். பெங்களூரில் ஒரு குடியிருப்பில் ஞாயிறுதோறும் குழந்தைகளுக்குத் தமிழ் வகுப்பு நடத்துகிறோம். நீங்கள் எடுத்த குலசை தசரா படத்தை எங்கள் ஆண்டு மலரின் 14-ஆம் பக்கத்தில் போட விரும்புகிறோம். 300 பிரதிகள், விலை இல்லை, உள்ளே விளம்பரங்கள் உண்டு. பிடிஎஃப் வாட்ஸ்அப்பிலும் போகும். படத்தின் கீழேயே உங்கள் பெயர் வரும். அனுமதி தர முடியுமா? தொகை எதிர்பார்த்தால் தயங்காமல் சொல்லுங்கள்.”

விளம்பரம் இருப்பதையும் பிடிஎஃப் சுற்றும் என்பதையும் மறைக்காதீர்கள். பதில் வராவிட்டால் ‘மௌனம் சம்மதம்’ என்று எடுத்துக்கொள்ளவும் கூடாது. வேறு படம் தேட வேண்டியதுதான். அதனால் அச்சுக்குப் போகும் வாரத்தில் தேடாமல் மார்கழி பிறக்கும் முன்பே தொடங்குங்கள்.

தவறு நடந்துவிட்டால்

சி.சி. 4.0-இல், நிபந்தனையை மீறியது தெரிந்த 30 நாளுக்குள் சரிசெய்துவிட்டால் இழந்த உரிமை தானாகத் திரும்பும். பெயர் விட்டுப்போனது தெரிந்தால் பிடிஎஃப்பை அன்றே திருத்துங்கள், அச்சுப் பிரதிக்குத் திருத்தச் சீட்டு ஒட்டுங்கள், அவரிடம் நீங்களே முதலில் சொல்லுங்கள்.

அந்த மதுரைக்காரர் படத்துக்கு எந்த உரிமமும் இருக்கவில்லை, நான் செய்தது நேரடியான தவறு. மன்னிப்புக் கேட்டு, அவர் சொன்ன தொகையை என் கையிலிருந்து அனுப்பினேன். பிறகு இரண்டு ஞாயிற்றுக்கிழமை வீடு வீடாக ஏறி இறங்கினோம். 300-இல் 211 பிரதிகளில் அவர் பெயர் அச்சிட்ட சீட்டை ஒட்ட முடிந்தது. மற்றவை ஊருக்குப் போயிருந்தன, சில பழைய பேப்பர்காரரிடம்.

இப்போது மலர் வந்ததும் முதல் வேலை, உள்ளே இருக்கும் படங்களை எடுத்தவர்களில் முகவரி தந்தவர்களுக்கு ஒரு பிரதியைத் தபாலில் அனுப்புவது. போன பொங்கலுக்கு ஏழு பேருக்கு அனுப்பினோம். தூத்துக்குடியில் உப்பளத்தைப் படம் எடுத்திருந்த பெண், அம்மாவுக்கென்று இன்னொரு பிரதி கேட்டு எழுதியிருந்தார். ‘அவங்க அந்த உப்பளத்துலதான் வேலை பாத்தாங்க, படத்துல ஓரமா நிக்கிறது அவங்கதான்’ என்று.